காயில் நாலாயிரம், கூலி ஆறாயிரம்: கார் பில்லில் லேபர் சார்ஜ் எப்படி உருவாகிறது?

ஏசி குளிரவில்லை என்று காரை சர்வீஸ் சென்டரில் விடுகிறார் ஒருவர். கூலிங் காயிலில் ஓட்டை என்கிறார்கள். மறுநாள் பில் வருகிறது: காயில் 4,000 ரூபாய், லேபர் 6,000 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. பொருளை விடக் கூலி அதிகமா என்று அவருக்குக் கோபம் வருகிறது. தொகைகள் உதாரணத்துக்குச் சொன்னவை, ஆனால் கார் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு இந்தக் கோபம் பழக்கமானதுதான்.

இந்த பில்லில் அநியாயம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பொருளின் விலையையும் கூலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது. கூலிங் காயில் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. பல மாடல்களில் அதைத் தொட வேண்டுமென்றால் ஏர்பேக் இணைப்பைத் துண்டித்து, ஸ்டீயரிங்கையும் மியூசிக் சிஸ்டத்தையும் கழற்றி, டேஷ்போர்டையே வெளியே எடுக்க வேண்டும். ஏசி கேஸை முதலில் இறக்கி, வேலை முடிந்ததும் வேக்குவம் போட்டு, மறுபடி நிரப்ப வேண்டும். கழற்றியதையெல்லாம் சத்தம் வராதபடி திரும்பப் பூட்டவும் வேண்டும். கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை. அந்தக் காயில் 400 ரூபாய்க்குக் கிடைத்தாலும் இந்த வேலை குறையாது.

அப்படியானால் நியாயத்தை எதை வைத்து அளப்பது?

## கூலி போடும் மூன்று முறைகள்

1. வேலைக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை. 10,000 கிலோமீட்டர் சர்வீஸ், வீல் அலைன்மென்ட், பிரேக் பேட் மாற்றுவது போன்ற அன்றாட வேலைகளுக்கு இதுதான் வழக்கம்.

2. நேரம் பெருக்கல் ரேட். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று கார் தயாரிப்பு நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்த நேரத்தை ஒர்க்‌ஷாப்பின் ஒரு மணி ரேட்டால் பெருக்கினால் வருவது லேபர். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்களில் பெரிய வேலைகளுக்கு இந்த முறை.

3. கண் மதிப்பு. வேலையைப் பார்த்து, வண்டியைப் பார்த்து, சில சமயம் வண்டிக்காரரையும் பார்த்துச் சொல்லும் தொகை. ரோட்டோர மெக்கானிக் ஷெட்டில் நடப்பது இது.

இந்தியாவில் வாகனப் பழுதுக்கான கூலியை எந்த அரசு அமைப்பும் நிர்ணயிப்பதில்லை. ஆட்டோ மீட்டருக்கு அரசு கட்டணம் உண்டு, அதே ஆட்டோவின் கிளட்ச் மாற்றும் கூலிக்குக் கிடையாது. எனவே ‘சட்டப்படி சரியான ரேட்’ என்று ஒன்றைத் தேடுவதில் பயனில்லை.

## பட்டியல் நேரம்

மூன்று முறைகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இரண்டாவது. பட்டியலில் ஒரு வேலைக்கு 3 மணி நேரம் என்று இருக்கிறது. கை தேர்ந்த மெக்கானிக் 2 மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். பில்லில் 3 மணி நேரத்துக்குத்தான் கூலி. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கு இது திருட்டாகத் தெரிகிறது.

திருட்டு இல்லை. வாடிக்கையாளர் வாங்குவது மெக்கானிக்கின் நேரத்தை அல்ல, முடிந்த வேலையை. வேகமாகச் செய்பவருக்குக் குறைத்துக் கொடுப்பது என்றால் மெதுவாகச் செய்யும் கற்றுக்குட்டிக்கு அதிகம் கொடுக்க வேண்டிவரும். அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பட்டியல் நேரத்தின் நல்ல பக்கம் இதுதான்: துருப்பிடித்த போல்ட் ஒன்று வர மறுத்து 3 மணி வேலை 5 மணி ஆனாலும், நஷ்டம் ஒர்க்‌ஷாப்புக்கு.

இந்த ஒப்பந்தம் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். சீக்கிரம் முடிந்தால் ‘பட்டியல்படி 3 மணி’ என்றும், இழுத்துவிட்டால் ‘வேலை ஜாஸ்தியாயிடுச்சு சார், எக்ஸ்ட்ரா ரெண்டு மணி’ என்றும் போடும் இடத்தில் பட்டியல் வெறும் சாக்கு. ஒரு ஒர்க்‌ஷாப்பின் நேர்மையை அளக்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இந்த முறை மெக்கானிக்கின் சம்பளத்துக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. பல இடங்களில் அவர் வேலை பார்த்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, முடித்த வேலைகளின் பட்டியல் நேரத்துக்குத்தான். வேகமானவர் ஒரே நாளில் 12 மணி நேரக் கூலி பார்க்கலாம். வண்டி வராத நாளில் சும்மா நிற்க வேண்டியதுதான். நம் ஊரில் பெரும்பாலும் மாதச் சம்பளமும் மேலே ஊக்கத்தொகையும். அந்த ஊக்கத்தொகையைப் பற்றிப் பிறகு பார்ப்போம், குளறுபடி அங்கே தொடங்குகிறது.

## 110 ரூபாய் 729 ஆகும் கணக்கு

‘மெக்கானிக்குக் கொடுப்பது சொற்பம், என்னிடம் பிடுங்குவது மலையளவு’ என்ற புகாரின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்கு ஒரு கணக்குப் போடலாம். கீழே உள்ள தொகைகள் எந்த ஒர்க்‌ஷாப்பின் கணக்கும் அல்ல, விகிதம் புரிவதற்காக வைத்துக்கொண்டவை.

பத்து மெக்கானிக் உள்ள நடுத்தர ஒர்க்‌ஷாப். ஒருவருக்கு பிஎஃப், இஎஸ்ஐ சேர்த்து மாதம் 22,000 ரூபாய். 25 நாள், தினம் 8 மணி, ஆக மாதம் 200 மணி. மணிக்கு அவருக்காக ஆகும் செலவு 110 ரூபாய்.

- மெக்கானிக் சம்பளம்: 2,20,000
- சர்வீஸ் அட்வைசர் (வாடிக்கையாளரிடம் பேசி வேலையைப் பதிவு செய்பவர்), ஸ்டோர், வாட்டர் வாஷ், கணக்கு, காவல், மேற்பார்வை: 3,00,000
- இடத்தின் வாடகை: 2,50,000
- மின்சாரம், ஜெனரேட்டர், கம்ப்ரஸர்: 80,000
- லிஃப்ட், ஸ்கேனர், அலைன்மென்ட் மெஷின், பெயின்ட் பூத் தேய்மானமும் கடன் தவணையும்: 1,00,000
- மென்பொருள், பயிற்சி, காப்பீடு, சில்லறைச் செலவு: 70,000

மொத்தம் 10,20,000. பத்து பேருக்கும் சேர்த்து 2,000 மணி நேரம் இருக்கிறது, ஆனால் அத்தனையும் விற்காது. பார்ட்ஸ் வரக் காத்திருப்பது, டெஸ்ட் டிரைவ், வண்டி வராத செவ்வாய்க்கிழமை மதியம் எல்லாம் போக 1,400 மணி நேரம் பில்லில் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணிக்கு 729 ரூபாய் வந்தால்தான் முதலாளிக்கு நஷ்டம் இல்லை. லாபம் இதற்கு மேல். ஜிஎஸ்டி 18% சேர்த்தால் வாடிக்கையாளருக்கு 860. அதே இடத்தில் வேலை குறைந்து 1,000 மணிதான் விற்கிறது என்றால் அடக்கமே 1,020 ஆகிவிடும்.

பார்ட்ஸ் விற்பனையிலும் ஒர்க்‌ஷாப்புக்கு லாபம் உண்டு என்பதால், இந்தச் செலவு முழுவதையும் லேபர் மட்டும் சுமப்பதில்லை. அதைக் கழித்தாலும், மெக்கானிக் சம்பளத்தைப் போல ஐந்தாறு மடங்கு ரேட் இருப்பதை மட்டும் வைத்து கொள்ளை என்று சொல்லிவிட முடியாது.

வண்டிகளும் மாறிவிட்டன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு, டீசல் வண்டியில் புகைக்கரி வடிகட்டியும் கூடுதல் சென்சார்களும் ஏறிவிட்டன. ஸ்பேனர் செட்டோடு முடிந்த வேலைக்கு இன்று ஸ்கேனரும் அதற்கான சந்தாவும் தேவை.

## ஷெட்டில் ஏன் மலிவு?

வாடகை குறைவு, வரவேற்பறை இல்லை, காபி மெஷின் இல்லை, முதலாளியே மெக்கானிக். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை. ஆகவே அங்கே கூலி குறைவாக இருப்பது இயல்பு. (பதிவு எண் இல்லாமலேயே ஒரு ஷெட் பில்லில் 18% ஜிஎஸ்டி போட்டிருந்தால், அது சட்டப்படி வசூலிக்க முடியாத பணம்.)

ஆனால் ‘கூலி 500 ரூபாய்தான் சார்’ என்பதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சென்னையில் ஜி.பி. ரோட்டில் வாங்கி வரும் பார்ட்ஸுக்குக் கடைக்காரர் தரும் கமிஷன் மெக்கானிக்குக்கு. வாடிக்கையாளர் கூலியில் பேரம் பேசுவார், பார்ட்ஸ் விலையை அவ்வளவாகக் கேட்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். நாம் கூலிக்கு முகம் சுளிப்பதால், வருமானம் கூலியிலிருந்து பார்ட்ஸுக்கு இடம் மாறியிருக்கிறது. மாற்றத் தேவையில்லாத பார்ட்ஸ் மாற்றப்படுவதற்கு இது ஒரு காரணம்.

சர்வீஸ் சென்டரின் ‘ஃப்ரீ சர்வீஸ்’ இதன் மறுபக்கம். அங்கே இலவசம் லேபர் மட்டும். ஆயில், ஃபில்டர், கூலன்ட் எல்லாவற்றுக்கும் பணம் உண்டு.

## அநியாயம் உட்காரும் இடங்கள்

மணிக்கு எவ்வளவு என்று கேட்பதை விட, எந்த வேலைக்கு எத்தனை முறை வாங்கினார்கள் என்று கேட்பது பலன் தரும். ஏமாற்று நடக்கும் இடங்களில் ரேட் பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும், பில்லில் எழுதிய வேலைகளின் எண்ணிக்கைதான் கூடியிருக்கும்.

1. ஒரே கழற்றலுக்கு இரண்டு கூலி. கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். அந்த வேலையின் பெரும்பகுதி இறக்கி ஏற்றுவதுதான். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது இன்ஜின் ஆயில் கசியாமல் தடுக்கும் கிராங்க் பின்பக்க ஆயில் சீலை மாற்றுவது கொஞ்ச நேரக் கூடுதல் வேலை. ஆனால் ஆயில் சீலைத் தனியாக மாற்ற வேண்டுமென்றால் அதற்கும் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், எனவே பட்டியலில் அதற்கும் பெரிய நேரம் இருக்கும். இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு இரண்டு முழு நேரத்தையும் கூட்டிப் போட்டால், கியர்பாக்ஸ் ஒரு முறை இறங்கியதற்கு இரண்டு முறை பணம். டைமிங் பெல்ட்டும் அது சுழற்றும் வாட்டர் பம்பும் இதே ஜோடி. வீல் பேலன்சிங்குக்காக நான்கு சக்கரமும் கழன்று நிற்கும்போது ‘டயர் ரொட்டேஷன்’ (டயர்களை இடம் மாற்றுவது) என்று தனிக் கூலி போடுவது இதன் சின்னத் தம்பி.

மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீடு. அட்வைசர் இரண்டு குறியீட்டைத் தட்டினால் இரண்டு தொகையும் தானாக ஏறும். வேண்டுமென்றே செய்யாமலும் இது நடக்கும். அதனால் சண்டையாக ஆரம்பிக்காமல் கேள்வியாகக் கேட்டாலே பெரும்பாலும் ஒரு தொகை குறைந்துவிடும்.

2. சர்வீஸுக்குள் இருப்பதையே வெளியே விற்பது. கிலோமீட்டர் சர்வீஸின் வேலைப் பட்டியலில் பிரேக் சோதனையும் சுத்தம் செய்வதும் இருக்கும். பில்லில் ‘பிரேக் கிளீனிங்’ தனியாக வரும். வேலைப் பட்டியல் வண்டியோடு வந்த கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

3. கேட்காத கூடுதல் வேலைகள். இன்ஜின் டீகார்பனைசிங் (உள்ளே படிந்த கரியை அகற்றுவது), இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், அடிப்பகுதி கோட்டிங். இவை முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். அறிகுறி உள்ள வண்டிக்கு இன்ஜெக்டர் சுத்தம் உதவும். ஆனால் 20,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு இவை ஜாப் கார்டில் (செய்யவேண்டிய வேலைகளை எழுதும் தாளில்) ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அட்வைசரின் மாத இலக்கு. மேலே சொன்ன ஊக்கத்தொகை இங்கேதான் வேலை செய்கிறது. அரைமணி நேர வேலை, மலிவான ரசாயனம், பெரிய தொகை. கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இல்லாத எதற்கும் ‘இந்த வண்டியில் என்ன அறிகுறி பார்த்தீர்கள்?’ என்ற ஒரு கேள்வி போதும். நைட்ரஜன் காற்றையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். சாதாரணக் காற்றிலேயே 78% நைட்ரஜன்தான்.

4. கன்ஸ்யூமபிள்ஸ். கிரீஸ், பிரேக் கிளீனர், துடைக்கும் துணி. அளவும் விலையும் இல்லாமல் ஒரே தொகையாக இருந்தால் பிரித்துக் கேட்கலாம். தொகை சின்னதென்றால் விட்டுவிடலாம், இதற்காக வாதாடும் நேரத்துக்கும் மதிப்பு உண்டு.

## கண்டுபிடிக்கும் கூலி

நியாயமான கூலியை நாம் கொடுக்க மறுக்கும் இடமும் ஒன்று உண்டு. அது பழுதைக் கண்டுபிடிப்பதற்கான கூலி.

இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0420 என்ற குறியீடு வருகிறது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்பது அதன் பொருள். கன்வர்ட்டர் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. ஆக்சிஜன் சென்சார் தவறாக அளந்திருக்கலாம், சைலன்சர் குழாயில் கசிவு இருக்கலாம். இவற்றில் எது என்று பார்க்க அனுபவமுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் செலவழிக்க வேண்டும்.

அந்த ஒரு மணிக்கு 800 ரூபாய் கேட்டால், ‘ஒண்ணுமே மாத்தல, எதுக்கு 800?’ என்கிறோம். எனவே ஒர்க்‌ஷாப் வேறு வழியில் போகிறது: குறியீடு கன்வர்ட்டரைக் காட்டுகிறது, கன்வர்ட்டரை மாற்று. விளக்கு மறுபடி எரிந்தால் சென்சாரை மாற்று. பல ஆயிரம் ரூபாய் பார்ட்ஸ் போன பிறகு குழாய்க் கசிவு தெரியவருகிறது. சோதனைக் கூலியைத் தனியாகக் கேட்கும் ஒர்க்‌ஷாப்பை நான் கூடுதலாக நம்புவேன். பழுதை அங்கேயே சரிசெய்தால் அதைக் கூலியில் கழிப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

## இன்சூரன்ஸ் வேலையில் கூலியின் வேறு முகம்

விபத்து வேலையில் கூலி அதிகமாக இருப்பது வண்டிக்காரருக்கு லாபமாகவும் முடியலாம். வழக்கமான முழுக் காப்பீட்டில் பார்ட்ஸுக்குத் தேய்மானம் கழிப்பார்கள்: ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50%. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, 4 வயது தாண்டி 5-க்குள் இருந்தால் 35%. கூலிக்குத் தேய்மானம் கிடையாது.

ஐந்து வயதை நெருங்கும் காரின் ஃபெண்டர் நசுங்கியிருக்கிறது. புது ஃபெண்டர் 8,000 ரூபாய் என்றால் அதில் 2,800 வண்டிக்காரர் பங்கு. அதே ஃபெண்டரை டிங்கரிங் செய்து 5,000 கூலி போட்டால் தேய்மானமாக ஒரு ரூபாய்கூடக் கழியாது. கட்டாயப் பிடித்தம் (ஒவ்வொரு கிளெய்மிலும் வண்டிக்காரர் ஏற்கும் தொகை) இரண்டுக்கும் பொது, 1,500 சிசி வரையிலான காருக்கு அது 1,000 ரூபாய். ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றுவதுதான் பிடிக்கும், வேலை சீக்கிரம் முடியும், பார்ட்ஸ் லாபமும் வரும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுத்தவருக்கு இந்தக் கவலை இல்லை.

பெயின்ட்டுக்குத் தனிக் கணக்கு. பொருளும் கூலியும் சேர்ந்த பெயின்ட் பில்லில் 25 சதவீதத்தைப் பொருள் என்று வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். 10,000 ரூபாய் பெயின்ட் பில்லில் 1,250 நம் கையிலிருந்து.

## வேறு இடத்துக்குப் போக முடிந்தால்தானே போட்டி

ரேட் பிடிக்காவிட்டால் வேறு ஒர்க்‌ஷாப் போகலாம் என்பது சுலபமான பதில். அந்த வழி எவ்வளவு அடைபட்டிருந்தது என்பதை இந்தியப் போட்டி ஆணையத்தின் 2014 ஆகஸ்ட் 25 உத்தரவு சொல்கிறது. 14 கார் நிறுவனங்கள் அசல் பார்ட்ஸையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தன என்று கண்டு, மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தாலே வாரன்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

மத்திய நுகர்வோர் துறை 2022-இல் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காகக் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அதில் தகவல் தருவது நிறுவனங்களின் விருப்பத்தில் விடப்பட்டிருப்பதால், மெக்கானிக் ஷெட்டுக்கு அது பெரிய ஆயுதமாக ஆகிவிடவில்லை.

## வண்டியை விடும்போதும் தகராறு வரும்போதும்

1. எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கவும். பார்ட்ஸ், லேபர், வரி மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன பார்ட்ஸுக்கும் லேபரைப் போலவே 18% வரிதான். அதன் பிறகு போட்ட பில்லில் 28% தெரிந்தால் கேளுங்கள்.

2. ‘இந்தத் தொகைக்கு மேல் போனால் கேட்காமல் செய்ய வேண்டாம்’ என்று ஜாப் கார்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போடவும். போனில் ‘சரி சார்’ என்று சொல்வதற்கு முன், வாட்ஸ்அப்பில் தொகையை அனுப்பச் சொல்லவும்.

3. கழற்றிய பழைய பார்ட்ஸைத் திருப்பிக் கேட்கவும். வாரன்டியிலும் இன்சூரன்ஸிலும் மாற்றியவை மட்டும் விதிவிலக்கு.

4. பணம் கட்டும்வரை வண்டியை நிறுத்தி வைக்க ஒர்க்‌ஷாப்புக்குச் சட்டப்படி உரிமை உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170: ஒரு பொருளின் மேல் உழைப்பையோ திறனையோ செலவிட்டவர், அதற்கான கூலி கிடைக்கும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த உரிமை அந்த வேலையின் கூலிக்கு மட்டும். போன வருட பாக்கிக்காக இந்த வருடம் சாவியைப் பிடித்து வைக்க இந்தப் பிரிவு இடம் தரவில்லை.

5. எனவே சர்வீஸ் சென்டர் வாசலில் நின்று சண்டை போட்டு வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவதில் லாபம் இல்லை. பல ஜாப் கார்டுகளின் பின்பக்கம் பொடி எழுத்தில் தாமதத்துக்கான பார்க்கிங் கட்டணமும் இருக்கும். பில் நகலில் எந்தத் தொகையை ஏற்கவில்லை என்று குறித்து, ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதி, பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, கால அவகாசம் 2 ஆண்டு. அங்கே கேட்கப்படும் முதல் காகிதம் அந்த ஜாப் கார்டுதான்.